திரௌபதி சாத்திய கதவு

பங்குனி பிறந்து காற்று மாறினால் எங்கள் தெருவில் ஒரு வேலை நடக்கும். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் சாயங்காலமாகத் திரௌபதியின் குடிசைக்குப் போவாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தன் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவாள். பெட்டி என்றால் தகரப் பெட்டி. பட்டா, ரேஷன் கார்டு, கல்யாணப் புடவை, இருந்தால் ஒரு குண்டுமணித் தங்கம், எல்லாம் அதற்குள்தான். அரிசிப் பானைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் தலைமாட்டுப் பக்கம், மூலையில் சாக்குக்குக் கீழே என்று ஆளுக்கு ஓர் இடம். திரௌபதி தலையை மட்டும் ஆட்டுவாள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் அவள் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. இதற்குப் 'பெட்டி சொல்றது' என்று பெயர். என் வீட்டுப் பெட்டி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது, திரௌபதிக்குத் தெரியும். என் மனைவியிடம் கேட்டால், "நீயா உள்ளாற ஓடப்போற?" என்பாள்.

உள்ளே ஓடுகிறவள் திரௌபதி. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய மேட்டில் அப்போது எல்லாமே கூரை வீடுகள். பனை ஓலை வேய்ந்தது, கூரையும் கூரையும் உரசிக்கொண்டு நிற்கும். சித்திரை வெயிலில் ஓலை அப்பளமாகக் காய்ந்திருக்கும்போது ஓர் அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும், குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போய் வருவதற்குள் நாலு வீடு போய்விடும். ஆண்கள் அடுத்த வீட்டுக் கூரையைப் பிடுங்கி எறிவார்கள். பெண்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு வரப்புக்கு ஓடுவார்கள். திரௌபதி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடுவாள். உப்பளத்து வாய்க்காலில் ஒரு சாக்கை முக்கித் தலையோடு போர்த்திக்கொண்டு, எரிகிற வீட்டுக்குள் குனிந்து நுழைவாள். பெட்டியோடு வெளியே வருவாள். வாசல் பக்கம் தீ பிடித்துவிட்டால் பின்சுவரை உதைத்துக்கொண்டு வருவாள். மண் சுவர்தானே, உதைத்தால் வழி விடும்.

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் குறைவு. தீமிதி மாசத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதை வைத்து நாங்கள் செய்யாத கேலி இல்லை. கோயிலில் தீ மிதிக்க அவள் விரதம் இருந்ததே கிடையாது என்பது வேறு விஷயம். கேட்டால், வருஷம் பூராவும் தனக்கு அதுதானே வேலை என்பாள்.

நான் உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றிவிடுகிற கங்காணி. காலையில் உப்புப் பாத்தியில் இறங்குகிற பெண்களை எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களில் திரௌபதியைப் போல வாயாடி கிடையாது, அவளைப் போல வேலைக்காரியும் கிடையாது. கட்டினவன் கல்யாணமான புதிதிலேயே வேறொருத்தியோடு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டான். பிள்ளை இல்லை. அம்மா வீட்டிலும் இடம் இல்லை. தெருக்கோடியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, உப்பு சுமந்து, தனக்கு மட்டும் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். அந்தக் குடிசையும் இரண்டு தடவை எரிந்தது. இரண்டு தடவையும் அவள் அடுத்தவர் பெட்டியைத்தான் எடுத்தாள். அவளுக்கென்று பெட்டி இல்லை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவள் முதன்முதலில் உள்ளே ஓடியது மலர்கொடியின் வீட்டுக்குள். மலர்கொடி அப்போதுதான் வாழ வந்தவள், கைக்குழந்தைக்காரி. குழந்தையோடு வெளியே வந்துவிட்டாள், ஆனால் தாலிக்கொடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். ஐயோ ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்த திரௌபதி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பாத்தியில் ஜோடி. உப்புக் கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, ஒருத்தி குனிந்து உட்கார இன்னொருத்தி தூக்கிவிட வேண்டும். திரௌபதிக்கு மலர்கொடி தூக்கிவிடுவாள், மலர்கொடிக்குத் திரௌபதி. அவர்கள் ஒரே தூக்குச்சட்டியில் வைத்துச் சாப்பிட்டார்கள், ஒரே பாக்குப் பையில் கை விட்டார்கள். மலர்கொடி அவளை அக்கா என்று கூப்பிட்டாளே தவிர, வாயில் வருவதெல்லாம் உரிமைக்காரி பேச்சு.

கலியன் வந்த கதையும் ஒரு தீயில்தான் தொடங்குகிறது. அவன் உப்பளத்தில் மோட்டார் போடுகிறவன், பெண்டாட்டியை இழந்தவன், அதிகம் பேசாதவன். ஒருமுறை திரௌபதி பெட்டியோடு வெளியே வந்து விழுந்தபோது ஊரே பெட்டியைச் சூழ்ந்துகொண்டது. தாழ்ப்பாள் திறந்திருக்கிறதா, உள்ளே இருப்பது இருக்கிறதா என்று ஆளுக்கு ஆள் பார்த்தார்கள். கலியன் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து புகைகிற சாக்கின் மேல் ஊற்றிவிட்டு, "கை சுட்டுச்சாம்மா?" என்று கேட்டான். திரௌபதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் அப்படி ஒருவர் கேட்டு எத்தனை காலமாயிற்றோ. அப்புறம் அந்த ஆடிக்குள் கலியன் தன் துணிமணியோடு தெருக்கோடிக் குடிசைக்கு வந்துவிட்டான். கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு ஓய்ந்தது.

பிறகு எல்லாருக்கும் காலனியில் மெத்தை வீடு வந்தது. தளம் போட்ட வீடு, ஓர் அறை, ஹால், சமையல்கட்டு, குளிக்க ஓர் இடம். இந்தத் தெருவில் அதிகம் சந்தோஷப்பட்டது யார் என்று கேட்டால் நான் யோசிக்காமல் திரௌபதியைச் சொல்வேன். முதல் வாரம் முழுக்கப் பகலிலும் தூங்கினாள். தலைக்கு மேலே ஓலை இல்லை, சித்திரை வந்தால் என்ன, காற்று வந்தால் என்ன என்று கேட்பாள். சுவருக்கு ரோஜா நிறத்தில் பெயிண்ட் அடித்தாள். மாடியில் தக்காளி வைத்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கால் கழுவினால் கலியன் டீ போட்டுத் தருவான். சர்க்கரை கூடப் போடுவான், அவள் திட்டிக்கொண்டே குடிப்பாள். அப்புறம் இருவரும் சீரியல் பார்ப்பார்கள். வில்லி வருகிறபோது கலியன் தூங்கிவிடுவான், திரௌபதி அவன் சார்பிலும் சேர்த்துத் திட்டுவாள். அம்பது வயதில் ஒருத்திக்குக் கல்யாண வாழ்க்கை தொடங்கியதைப் பார்க்க எங்களுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பெட்டி சொல்வது மட்டும் நிற்கவில்லை. மெத்தை வீட்டில் தீயா என்று சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னார்கள். பெட்டி போய் பீரோ வந்திருந்தது. பீரோவில், சாவி அரிசி டப்பாவில், என்று இப்போது சொன்னார்கள். திரௌபதியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

சிரித்ததில்தான் கோளாறு. ஓலையோடு பயமும் போய்விட்டது. கூரை வீட்டில் பீடி நெருப்பைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்த்த ஆட்கள், இங்கே ஒரு பிளக்கில் ஃப்ரிட்ஜ், டிவி, மிக்சி, நாலு போன் சார்ஜர் என்று எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கவிட்டோம். அதற்கு மேல் எங்கள் ஊருக்கே உரிய புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்னும், செம்பைப் பச்சையாக்கும். உப்பளத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பிளாஸ்டிக் கவர் கட்டிப் பழகியவர்கள் நாங்கள். அதே பழக்கத்தில் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் புடவைக்கடைக் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றினோம். சுவிட்ச் போர்டுக்குக்கூட உறை போட்டவர்கள் இருந்தார்கள். உள்ளே சூடு ஏறினால் எங்கே போகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கவர் இளகி ஒட்டிக்கொண்டால், அதை உரித்துவிட்டுப் புதுக் கவர் போட்டோம்.

மலர்கொடியின் மகள் அஸ்வினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தீயில் தூக்கிக்கொண்டு ஓடிய கைக்குழந்தை அவள்தான். மாப்பிள்ளை பொம்மையார்பாளையம், ஈசிஆர் பக்கம் ஒரு ஓட்டலில் கணக்கு பார்க்கிறவன். புருஷன் போன பிறகு மலர்கொடி உப்புச் சுமந்தே சீர் சேர்த்தாள். பாண்டிக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடையாய் நடந்து ஒவ்வொன்றாக வாங்கி, வீட்டின் ஒரே அறையில் அடுக்கினாள். புது ஃப்ரிட்ஜ், அட்டைப்பெட்டி பிரிக்காத பாத்திரம், ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, பீரோவுக்குப் பக்கத்தில் பச்சைப் பெட்டி நிறையப் பட்டுப் புடவை. நகையை மட்டும் அண்ணன் வீட்டில் வைத்திருந்தாள். ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா பார்ப்போம் என்று போட்டது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வழக்கம்போல் கவர், அதன் மேல் சாய்த்து வைத்த மெத்தை. பங்குனியில் மலர்கொடி போய்ப் பெட்டி சொன்னாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அது என் பொண்ணு வாழ்க்கை அக்கா என்று சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம். அஸ்வினி ரவிக்கை அளவு கொடுக்கப் போயிருந்தாள். மலர்கொடி தெருவில் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு ஜன்னலில் கறுப்பாகப் புகை வந்ததை முதலில் பார்த்தவன் கலியன். ஓடிப்போய் மெயினை அணைத்தான். மோட்டார்க்காரனுக்கு அது முதலில் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். அதற்குள் திரௌபதி ஒரு சாக்கை எடுத்துக் குழாயடிக் குடத்தில் முக்கிவிட்டாள்.

எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். திரௌபதி சாக்கை எடுத்துவிட்டாள், இனி அவள் பாடு என்று வழி விட்டோம். மலர்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பச்சைப் பெட்டி, அக்கா. பீரோ பக்கத்துல" என்றாள். தெரியும் என்று தலையாட்டிவிட்டுத் திரௌபதி ஹாலுக்குள் நுழைந்தாள். அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

கதவருகே என்ன ஆயிற்று என்பதை அவள் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். கூரை வீட்டில் புகை மேலே ஓலை வழியாகப் போய்விடும், ஆள் குனிந்து ஓடலாம். சுவரை உதைத்தால் வழி. இங்கே மேலே தளம், சுற்றிலும் செங்கல், ஜன்னலுக்குக் கம்பி. போக இடம் இல்லாத புகை தளத்திலிருந்து கீழே இறங்கிவந்து அவள் நெற்றியைத் தொட்டது. அவள் குனிந்தாள், அதுவும் குனிந்தது. ஓலைப் புகை கண்ணைத்தான் கரிக்கும். இந்தப் புகை தொண்டையைப் பிடித்தது. மெத்தை எரிகிற வாடை, ஒரே ஒரு மூச்சு. அறைக்குள் எடுத்து வைத்த காலை அவள் பின்னால் எடுத்தாள். ஹால் ஜன்னல் வழியாகக் கடல் காற்று உள்ளே வந்து நெருப்பு எழும்புவதைப் பார்த்தாள். அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

அவள் கையில் பெட்டி இல்லாமல் வெளியே வந்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. மலர்கொடி அவளைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடப்பார்த்தாள். திரௌபதி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்தாள். மலர்கொடி திமிறினாள், முழங்கையைக் கடித்தாள். திரௌபதி விடவில்லை. இரண்டு பேரும் வாசல் மண்ணில் விழுந்தார்கள். அப்போதுதான் மலர்கொடி தெருவே கேட்க அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"பயந்தாங்கொள்ளி. என் பொண்ணு வாழ்க்கைய உள்ள வெச்சிக் கதவ சாத்திட்டு வர்றியே."

வண்டி வந்தது, தண்ணீர் அடித்தார்கள், அணைந்தது. அறை மொத்தமும் கரி. ஆனால் ஹால் அப்படியே இருந்தது, அதைத் தாண்டி சமையல்கட்டும், அதில் நிரம்பிய சிலிண்டரும். வந்தவர்களில் மூத்தவர் கருகிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, யார் சாத்தினது என்று கேட்டார். அது திறந்திருந்தால் வீடும் இருந்திருக்காது, பக்கத்து வீடும் சந்தேகம்தான் என்றார். ஃபோம் புகையில் இரண்டு மூச்சுக்கு மேல் ஆள் தாங்காது என்பதையும் மலர்கொடியிடம் தனியாகச் சொன்னார். அவளுக்கு அன்றைக்குக் காது இல்லை. மகளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் தெரு முழுக்கக் கவர் உரிக்கும் திருவிழா. ரப்பர் பேண்டுகளை மட்டும் சேர்த்தால் ஒரு பந்து செய்யலாம். வயர்மேனுக்கு வந்த வாழ்வு, பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்கு வீடு கூட்டிப்போனார்கள். ஃப்ரிட்ஜுக்குத் தனி பிளக் வந்தது. என் மனைவி எதையும் விடுவதில்லை, படுக்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்து, பாதி ஏறிய என் போனையும் பிடுங்கி வைப்பாள். தீயணைப்புக்காரர்கள் ஒருநாள் வந்து தெருவில் வாணலியை வைத்து எண்ணெயைப் பற்றவைத்து, தட்டைப் போட்டு மூடி அணைத்துக் காட்டினார்கள். தண்ணீர் ஊற்றினால் எப்படி எழும்பும் என்பதையும் காட்டினார்கள், முன்வரிசை மொத்தமும் பின்வரிசை ஆனது. ஆள் வெளியே வா, கதவைச் சாத்து, போன் போடு, திரும்ப உள்ளே போகாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். சாமானுக்காக உள்ளே போகிறவர்கள் யாராவது இங்கே உண்டா என்று அவர்களில் ஒரு தம்பி சாதாரணமாகத்தான் கேட்டார். எல்லாரும் திரௌபதியைப் பார்த்தோம். அவள் தன் கால் விரலைப் பார்த்தாள்.

நியாயம் அவள் பக்கம் என்று தெரு சீக்கிரமே ஒப்புக்கொண்டது. அவள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. தெரு என்ன சொன்னால் என்ன, மலர்கொடி பேசவில்லையே. மலர்கொடி வேறு பாத்திக்கு மாறிவிட்டாள், வேறு ஒருத்திக்குக் கூடை தூக்கிவிட்டாள். எதிரெதிர் வீடு. காலையில் இருவரும் ஒரே நேரத்தில் வாசல் தெளிப்பார்கள், தலை நிமிராமல் தெளித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். திரௌபதி பேச்சைக் குறைத்துவிட்டாள். பாக்குப் பையை இடுப்பில் செருகுவதையும் நிறுத்தினாள். சீரியல் வில்லிகூடத் தப்பித்தாள். ஒரு நாள் கலியனிடம், நான் பயந்தாங்கொள்ளி ஆயிட்டேனா என்று கேட்டிருக்கிறாள். அவன் யோசித்துவிட்டு, பயம் வந்தா வரட்டும், சோறு ஆறுது, சாப்பிடு என்றானாம். அவன் என்னிடம் இதைச் சொன்னபோது, தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்றும் கேட்டான். இல்லை என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி. பெண் வந்தால் போதும், நாளைத் தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்த அறையைச் சுத்தம் செய்தாக வேண்டும், மணப்பெண்ணை அழைத்துப்போக வருகிறவர்கள் அதைப் பார்க்கக் கூடாது. அதுவரை பூட்டியே கிடந்த அறையை மலர்கொடி ஒரு நாள் காலையில் திறந்தாள். யாரையும் கூப்பிடாமல் தனியாகத்தான் கூட்டினாள்.

அடுத்த நாள் வெயில் ஏறுவதற்கு முன் நான் லாரியோடு உப்பளத்தில் நின்றிருந்தேன். திரௌபதி நிரம்பிய கூடைக்கு முன்னால் சும்மாட்டைத் தலையில் வைத்து உட்கார்ந்திருந்தாள், தூக்கிவிட ஆள் வரட்டும் என்று. தூரத்துப் பாத்தியிலிருந்து மலர்கொடி வரப்பு வழியாக நடந்து வந்தாள். கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். திரௌபதி மறுபக்கத்தைப் பிடித்தாள். பாதி தூக்கிய கூடையை மலர்கொடி தலைக்குக் கொண்டுபோகவில்லை. மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். நான் அவ்வளவு தள்ளி நின்றிருந்தும் அவள் பேசியது எனக்குக் கேட்டது.

"கடியாரம் உருகி வழிஞ்சிருக்குது, அக்கா. சுவத்துல என் தலை ஒயரத்துல மாட்னது. தரைவரைக்கும் வழிஞ்சி ஒட்டிகினு இருக்குது. அந்த இடத்துல போய் நின்னு பாத்தேன். நீ என்னவிட ஒயரம்."

திரௌபதி தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொடவைக்கு உன்ன உள்ள போகச் சொன்னேன். நீ போயிருந்தா, நான் கலியண்ணன் மூஞ்சில எப்படி முழிச்சிருப்பேன்? பெட்டி போனது எனக்கு வலிக்கல அக்கா. போன்னு சொன்ன வாய்தான் வலிக்குது."

மலர்கொடி மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, எங்கள் பக்கம் அதைச் சொல்லும் வழக்கமும் கிடையாது. அவள் திரௌபதியின் முழங்கையைத் திருப்பித் தன் பல் பட்ட இடத்தைப் பார்த்தாள். காயம் ஆறி வெள்ளையாக இருந்தது. திரௌபதி கையை இழுத்துக்கொண்டாள். இதற்கு மேல் அவள் சொன்னதைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"நீ சொன்னது நெசம்தான், மலரு. பயந்துதான் வந்தேன். கதவ சாத்துனதுகூட அந்தத் தீய பாக்க முடியாமதான்."

"அந்தப் புகைக்கு யாரா இருந்தாலும் பயப்படுவாங்க."

"புகைக்கு இல்லடி. முன்னல்லாம் உள்ள ஓடுவேனே, அப்ப வெளிய வந்தா எனக்கு யாரு இருந்தா? வந்தா வர்றேன், வராட்டி போறேன், அவ்ளோதான். அதத் தைரியம்னு நீங்க சொன்னீங்க, நானும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன். அன்னிக்கு அந்த வாசப்படில ஒரு மூச்சு இழுத்தேன். சாயங்காலம் டீ குடிக்கணும்னு தோணிச்சி. அந்த ஆளு சக்கரைய அள்ளிப் போட்டுத் தருவான், அதக் குடிக்கணும். எனக்கு இருக்கணும்னு ஆயிட்டுது."

மலர்கொடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையில் உப்பு வெயிலில் மின்னியது. அத்தனை வருஷமாக ஒரே தூக்கில் சாப்பிட்டவள், திரௌபதி தன் உயிரை அவ்வளவு மலிவாக வைத்திருந்தாள் என்று தெரியாமலே இருந்திருக்கிறாள். மலர்கொடி மட்டுமா, நாங்கள் அத்தனை பேரும்தான்.

"உனக்கு ஒண்ணும் இல்லன்னு நீ ஓடியிருக்கிற. அதத் தைரியம் தைரியம்னு நாங்க கைதட்டிகினு இருந்தோமே, அக்கா" என்றாள் மலர்கொடி. சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். திரௌபதியும் அழுதாள், ஆனால் அவள் அழுததில் துக்கம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தன் பக்கமாக நகர்த்தினாள்.

"போதும்டி. உப்புமேல தண்ணி வுடாத, கங்காணி பாத்துகினு இருக்குறான்."

நான் லாரியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.